பனிச்சங்காயும் வலைக்கண்ணும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கி ஏ-15 வீதியில் வடக்கே செல்பவர்கள் வாழைச்சேனையையும் மாங்கேணியையும் கடந்து, வாகரையை அடைவதற்குச் சற்று முன்னர் ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்குவர். ஒரு பக்கம் களப்பு. மறுபக்கம் கடலின் இரைச்சல். அவ்விடமே பனிச்சங்கேணி. எனது தாய்வழிப் பாட்டனாரின் ஊர் அது.

மட்டக்களப்பின் வடபகுதியில் கேணி என்று முடியும் ஊர்கள் பல. மாங்கேணி, காயான்கேணி, களுவன்கேணி, பனிச்சங்கேணி. பனிச்சை மரம் நின்ற கேணி என்று இவ்வூரின் பெயரைப் பிரித்துப் பொருள்கொள்வதே இயல்பு. பனிச்சை, நீர்நிலைகளின் ஓரத்தில் அடர்ந்த நிழலோடு நிற்கும் மரம். கருங்காலியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிங்களத்தில் அதனைத் திம்பிரி என்பர். (பழந்தமிழில் ஐம்பால் எனப்பட்ட கூந்தல் ஒப்பனைகளுள் ஒன்றுக்கும் பனிச்சை என்றே பெயர். மரத்துக்கும் கூந்தலுக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லாராய்ச்சி அறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன்.)

இம்மரத்தின் பழுக்காத காயில் துவர்ப்பு மிகுதி. பருத்தி நூலாலும் சணல் நூலாலும் வலை முடிந்த காலத்தில், நீரில் ஊறும் நூல் விரைவில் உக்கிவிடும். அதனைத் தடுக்கப் பனிச்சங்காயை இடித்து, நீரில் ஊறவைத்து, கருமை பாய்ந்த அச்சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்துவர். தோணியின் மூட்டுகளுக்குப் பூசவும் அது பயன்பட்டது. வங்காளத்து மீனவர் முதல் இலங்கைக் கரையோரத்தார் வரை இதனை அறிந்திருந்தனர். அதே காய் வயிற்றுளைவுக்கும் கழிச்சலுக்கும் மருந்து. 1868இல் பிரித்தானிய இந்திய அரசின் சார்பில் எட்வேர்ட் ஜோன் வேரிங் தொகுத்த இந்திய மருந்துநூல், பனிச்சங்காயின் சாற்றைத் துவர்ப்பு மருந்தாக அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

வலையின் நூலை உக்காமற் காத்த காயே நோயுற்ற குடலையும் இறுக்கிப் பிடித்தது. இந்தத் தற்செயலான உறவைப் பற்றிச் சென்ற ஆண்டு நீண்ட நேரம் யோசிக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். வலை முடிதலுக்கும் நோய்க்கும் இடையே காயின் துவர்ப்பைத் தவிர வேறோர் உறவும் உண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

வலை முடிவது எப்படி என்பதை முதலில் சொல்லவேண்டும். நகரத்து வாசகர்கள் பலர் அதனைக் கண்டிருக்கமாட்டார்கள். வேண்டியவை மூன்று: நூல், நூலைச் சுற்றி வைத்திருக்கும் வலையூசி, கண்ணின் அளவு மாறாமற் காக்கும் ஒரு சிறு மூங்கிற்பட்டை. நூலைப் பட்டையின் மேலாகக் கொண்டுவந்து, முன் வரிசைக் கண்ணுக்குள் ஊசியைச் செலுத்தி, பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கவேண்டும். ஒரு கண் ஆயிற்று. பிறகு அடுத்தது. வீச்சு வலையை உச்சியிலிருந்து தொடங்குவர். கீழே வரவர விரிய வேண்டுமாதலால், குறித்த வரிசைகளில் கூடுதற் கண்களைச் சேர்த்துக்கொண்டே போகவேண்டும். கணக்குத் தவறினால் வலை ஒரு பக்கம் சரிந்து விரியும். ஓரத்தில் ஈயக்குண்டு கோத்து முடிக்கும்போது ஆயிரக்கணக்கான முடிச்சுகள் சேர்ந்திருக்கும். 1913இல் கரேலியாவின் அந்திரேயா என்னுமிடத்தில் சதுப்பு நிலத்திலிருந்து கிடைத்த வலை ஏறத்தாழப் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. வில்லோ மரநாரில் முடியப்பட்டது. மனிதன் துணி நெய்யக் கற்றதற்குச் சான்று தேடுவோர் அவன் வலை முடிந்ததையும் மறந்துவிடலாகாது.

பனிச்சங்கேணி முதல் கதிரவெளி வரையிலான கரையில், விவசாயிகளோடும் மீனவர்களோடும் கரையோர வேடர்களும் வாழ்கின்றனர். தமிழ் பேசி, மீன்பிடித்து வாழும் இம்மக்களைப் பற்றிச் செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட ‘வேடர்கள்’ என்னும் ஆங்கில நூலில் தனியாக எழுதியுள்ளனர். இக்கரையில் வலை ஆண்களின் வேலை. பன் பாய் இழைப்பதும் ஓலைப் பெட்டி இழைப்பதும் பெண்களின் வேலை. இரண்டும் திண்ணையில் உட்கார்ந்து செய்வன; இரண்டையும் எந்த நேரத்திலும் கீழே வைத்துவிட்டு எழலாம், எழுந்து போனவர் மீண்டும் வந்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இந்தச் சிறு வசதியே நோயாளிக்குப் பெரிய உதவி என்பது அப்போது எனக்கு விளங்கியதில்லை.

இக்கரையின் பெருநோய் மலேரியா. 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையை உலுக்கிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அந்த மரணங்கள் பெரும்பாலும் நோய்க்குப் பழகாத ஈரவலய எல்லைப் பகுதிகளில் நிகழ்ந்தவை. மட்டக்களப்பு போன்ற உலர்வலயத்தில் அது ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளி. அதற்கு முறைக்காய்ச்சல் என்று பெயர். ஒருநாள் குளிர்ந்து, நடுங்கி, கொதித்து, வியர்த்து அடங்கும். மறுநாள் உடல் ஓய்ந்து கிடக்கும். மூன்றாம் நாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் வரும். இடைப்பட்ட அந்த நாள்தான் கொடியது என்று பாட்டனார் சொல்வார். நோய் வருத்தும்போது அச்சம் இல்லை, வருத்தமே இருக்கும். காய்ச்சல் இல்லாத நாளில் நாளைய குளிரை எண்ணி மனம் நடுங்கும். கடலுக்குப் போகவோ மண்வெட்டி பிடிக்கவோ உடலில் வலு இராது. அந்த நாட்களில் அவர் வலை முடிந்தார். 1940களில், அவரது இளமையில், கொயினாவின் கசப்போடும் வலையூசியோடும் கழித்த மாரிகாலங்களைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். “கைக்கு வேல குடு மனே, மனம் ஓரிடத்தில இருக்கும்” என்பார். நுளம்புக்கு டீ.டீ.ரீ. வந்ததும், மலேரியா அடங்கியதும், மீண்டும் தலைதூக்கியதும் தனிக் கதை. இலங்கை மலேரியாவற்ற நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 செப்டெம்பரில். அதைக் காண அவர் இருக்கவில்லை.

இனி எனது காரணத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு வேறொரு நோய்க்காக எடுத்த ஸ்கான் படத்தில் ஈரலின் ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்தது. ஊசியால் சிறிதளவு இழையம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குப் பத்தொன்பது நாட்கள் ஆயின. இழையம் என்ற சொல்லை எனது முப்பதாண்டுப் பத்திரிகைப் பணியில் எத்தனையோ செய்திகளில் எழுதியிருக்கிறேன். அதற்குள் ஓர் இழை இருப்பதை அப்போதுதான் கண்டேன்.

வாசிப்பதே தொழிலாக வாழ்ந்தவனுக்கு அந்த நாட்களில் ஒரு பக்கம் வாசிக்க இயலவில்லை. கண் வரியில் ஓடும்; மனம் ஆய்வுகூடத்தில் நிற்கும். தொலைக்காட்சியும் அவ்வாறே. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பாட்டனாரின் மரவூசியைத் தேடி எடுத்தேன். நைலோன் நூல் வாங்கிவந்து, ஜன்னற் கம்பியில் உச்சிக் கயிற்றைக் கட்டி, வீச்சு வலையொன்றைத் தொடங்கினேன். “மாடி வீட்டில இருந்து எந்த ஆத்துக்கு வீசப் போறீங்க?” என்று மனைவி கேட்டார். பிறகு அவரே நூற்பந்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இரவு இரண்டு மணிக்கு அது முன்போலவே வந்தது. ஆனால் இந்த வரிசையில் எத்தனையாவது கண், அடுத்த கூடுதற் கண் எங்கே என்ற கணக்கும் கூடவே இருந்தது. பயத்துக்கு முழு மனத்தையும் கொடுக்க முடியவில்லை. கணக்கு மறந்தால் திரும்ப எண்ணவேண்டும். எண்ணி முடிக்கும்போது மூச்சு சீராகியிருக்கும். வைத்தியர் சொல்லும் வரை எனது உடலைப் பற்றி நான் செய்யக்கூடியது எதுவுமில்லை. வலையைப் பொறுத்தமட்டில், செய்யவேண்டியது என்னவென்று ஒவ்வொரு கணமும் தெரிந்திருந்தது. முடிவு வந்தது: தீங்கற்ற கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்துப் பார்க்கவேண்டும். அடுத்த படத்துக்கு முந்திய கிழமையிலும் ஊசியை எடுத்தேன்.

ரொறன்ரோவில் வாழும் எனது தமக்கை இதனைக் கேட்டுச் சிரித்தார். பனிக்காலத்தில் கம்பளி பின்னுபவர் அவர். கம்பளிப் பின்னலில் முடிச்சே இல்லை. கண்ணுக்குள் கண்ணாகக் கோத்து வருவது. நூலின் நுனியை இழுத்தால் ஒரு மாத வேலை ஒரு நிமிடத்தில் அவிழ்ந்துவிடும். வலையோ முடிச்சுக்கு முடிச்சு தனித்து நிற்கும். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை அவிழா. அவிழ்த்துத் திரும்பப் பின்னலாம் என்பதே தனக்கு நிம்மதி என்கிறார் அவர். அவிழாது என்பதே எனக்கு நிம்மதி. இருவரும் சரியே.

இவ்வறிவை மேலைநாட்டு மருத்துவம் எழுத்தில் வைத்த வரலாறு சுவையானது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் எழுதிய தாதியியற் குறிப்புகளில், ஒரே சுவரை நாள்முழுதும் பார்த்துக் கிடக்கும் நோயாளியின் துன்பத்தை விரிவாகப் பேசுகிறார். சுகதேகிகள் தையல், எழுத்து போன்ற சிறு வேலைகளால் தம்மையறியாமலே மனத்தை ஆற்றிக்கொள்கின்றனர், நோயாளிக்கோ அந்த வழி அடைபட்டிருக்கிறது, இயன்றால் அதுவே அவருக்குப் பேராறுதலாகும் என்பது அவர் கருத்து. கிரிமியப் போரின் வைத்தியசாலைகளைக் கண்டு வந்தவரின் சொல் இது. 1910இல் சூசன் ரேசி என்ற அமெரிக்கத் தாதி, படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்கேற்ற கைவேலைகளைப் பற்றித் தாதியருக்கு ஒரு பாடநூலே எழுதினார்.

என்னை மிகவும் கவர்ந்தவர் ஜோர்ஜ் எட்வேர்ட் பார்ட்டன். கட்டடக் கலைஞர். கசரோகத்தால் அலைக்கழிந்தவர், பனியில் விறைத்த பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர், அதன் பின் உடலின் இடப்பக்கமும் இயங்காமற் போயிற்று. நியூயோர்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1914இல் ஒரு வீட்டை வாங்கி, தோட்டவேலையாலும் தச்சுவேலையாலும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார், பிறரையும் அழைத்தார். அவ்வீட்டுக்கு அவரிட்ட பெயர் ‘ஆறுதல் இல்லம்’. 1917 மார்ச் 15ஆம் திகதி அவ்வீட்டில் ஒரு சிறு குழுவினர் கூடித் தோற்றுவித்த சங்கமே, இன்று தொழில்வழிச் சிகிச்சை என்று நாம் அழைக்கும் துறையின் அமைப்புரீதியான தொடக்கம். சில கிழமைகளில் அமெரிக்கா உலகப்போரில் இறங்கியது. அதன் பின்னர் இத்துறைக்கு நோயாளிகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. இங்கிலாந்திலும், போரில் கைகளில் காயமுற்ற நடிகர் ஏர்னெஸ்ட் தெசிகர், 1918இல் ஊனமுற்ற படைவீரர்களுக்கெனப் பூத்தையல் நிறுவனமொன்றைத் தொடங்கினார். துப்பாக்கி ஏந்திய ஆண்கள் ஊசி பிடிப்பதா என்று முகம் சுளித்தவர்கள் அங்கு இருந்தனர். பனிச்சங்கேணித் திண்ணையில் அந்தக் கேள்வி எழுந்திராது.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். நோயாளியிடம் வேலை வாங்குவது எல்லாக் காலத்திலும் கருணையாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மனநோய் விடுதிகளில் தையலும் கயிறு திரித்தலும் சிகிச்சை என்ற பெயரில் விடுதியின் செலவைக் குறைக்கும் வழியாகவும் இருந்தன. நமது மண்ணில் மிஷனரிகள் கற்பித்த ஊசிவேலையின் கதையும் இருமுகம் கொண்டது. நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மோல்ட் அம்மையார் தொடங்கிய பின்னற்சரிகை வேலையும், உடுவில் மகளிர் பாடசாலையின் தையல் வகுப்பும் பெண்களுக்கு வருவாயையும் எழுத்தறிவையும் கொண்டுவந்தன; கூடவே அடக்கத்துக்கான பயிற்சியையும். கட்டளைக்கு முடியும் வலையும் விரும்பி முடியும் வலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முடிபவருக்கே வேறுபாடு தெரியும்.

கைவேலை ஆறுதல் தரும் என்று நான் எளிதாக எழுதிக்கொண்டு போகும்போது, கையே நோயாகிப் போனவர்களின் நினைவு வருகிறது. மட்டக்களப்பு நகருக்கு அண்மையில் வாவியின் நடுவே உள்ள மாந்தீவில், பிரித்தானியர் காலத்தில் தொழுநோயாளர் வைத்தியசாலை அமைந்தது. தோணியில் ஏற்றிக் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. தொழுநோய் முதலில் பறிப்பது விரல்நுனியின் உணர்வை. வலை முடிபவன் முடிச்சைக் கண்ணால் பார்ப்பதில்லை, பெருவிரலால் உணர்கிறான். உணர்விழந்த விரலை நூல் அறுத்தாலும் அவனுக்குத் தெரியாது.

இந்த உண்மையை மருத்துவ உலகுக்கு விளக்கியவர் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர், டொக்டர் போல் பிராண்ட். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. வலி தெரியாத கையைக் காயங்களிலிருந்து காக்க இயலாமையாலேயே அவை அழிகின்றன என்று அவர் கண்டார். 1940களின் இறுதியில், நல்ல நிலையிலுள்ள தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கி இறுகிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைகளைத் தொடங்கினார். கை நிமிர்ந்தவர்களுக்கு ஒரு புதிய சங்கடம் எழுந்தது. மடங்கிய கையை நீட்டிப் பிச்சையெடுத்து வாழ்ந்தவருக்கு நிமிர்ந்த கை ஒரு காசும் பெற்றுத் தரவில்லை; நோயின் வடு தெரிந்தவருக்கு எவரும் வேலையும் தரவில்லை. ஆகவே வேலூரில் ‘புதுவாழ்வு நிலையம்’ ஒன்றை அமைத்து, மரப் பொம்மை செய்தல் போன்ற கைத்தொழில்களைக் கற்பித்தனர். புண்படாதவாறு கருவியைப் பிடிப்பது எப்படி என்பதே அங்கு முதற்பாடம். இங்கே கைவேலை மனத்தை ஆற்றுவதற்கு முன், அந்தக் கை தன்னுடையது என்பதைத் திருப்பித் தந்தது.

2004 டிசெம்பர் 26இல் கடல் வாகரைக் கரைக்குள் புகுந்தது. மனிதரோடு தோணியும் வலையும் போயின. அதே கரை 2006இன் பிற்பகுதியிலும் 2007 ஜனவரியிலும் போரினால் மீண்டும் பெயர்ந்தது. நிவாரணத்தில் வலை வந்தது. தொழிற்சாலையில் முடிந்த நைலோன் வலை. அது தேவையான உதவியே. பசித்த வீட்டில் கையால் முடிந்துகொள் என்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் ஒரு வலையை முடிக்க எடுக்கும் அந்த நீண்ட நாட்கள் பொதியில் வரவில்லை.

அந்த நாட்களின் அருமையை அறிந்தவர்களும் இருந்தனர். 2005இல் தமிழகக் கரையில், ஓரோவில்லைச் சேர்ந்த உபாசனா நிறுவனத்தினர், கடல்கோளால் நிலைகுலைந்த மீனவப் பெண்களை ஒன்றுகூட்டி, வெட்டித் துணியில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தனர். ‘சுனாமிக்கா’ என்று பெயர். அதனை விற்பதில்லை, அன்பளிப்பாகவே வழங்கினர், உலகெங்கும் சென்றது. அதற்கும் முன்னரே, 1996 முதல், மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்களின் கையில் களிமண்ணையும் வர்ணத்தையும் கொடுத்து வந்தது. பேசு, அழு, சொல் என்று வற்புறுத்தாமல், கையை மட்டும் ஈடுபடுத்தி அருகில் இருப்பது. இவ்விரண்டு முயற்சிகளிலும் எனக்குப் பிடித்தது அதுவே.

இதற்கு அறிவியற் சான்று உண்டா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பிரித்தானியத் தொழில்வழிச் சிகிச்சைச் சஞ்சிகையில் 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, கம்பளி பின்னும் 3,545 பேரிடம் இணையவழியில் கேட்டறிந்து, அடிக்கடி பின்னுபவர்கள் அமைதியாக உணர்வதாகக் கூறியதைப் பதிவுசெய்தது. பத்திரிகையாளனாக நான் சேர்க்கவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு: விடையளித்தவர்கள் யாவரும் ஏற்கெனவே பின்னலை விரும்பியவர்கள். பின்னலை வெறுத்து எறிந்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஊசி நூல் எந்தக் கட்டியையும் கரைப்பதில்லை. சோதனையைத் தள்ளிப்போட அதனை எவரும் சாட்டாகக் கொள்ளலாகாது.

நைலோன் உக்குவதில்லை; துவர்ப்புச் சாறு அதற்கு வேண்டியதில்லை. வலை முடியும் இயந்திரங்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் வந்துவிட்டன. நமது கரைக்கு அவற்றின் சரக்கு 1950களுக்குப் பின்னரே பெருமளவில் வரத்தொடங்கியது. இன்று களப்போரத்தில் ஊசியோடு அமர்ந்திருப்பவரைக் கண்டால், அவர் பெரும்பாலும் கிழிந்த வலையைப் பொத்துகிறவராக இருப்பார். நண்டு அறுத்த கண்ணைக் கத்தரித்து, நல்ல கண்ணிலிருந்து நூலெடுத்து, எண்ணி, முடிந்துகொண்டு வருகிறார். பனிச்சை எங்கேனும் நின்றால் அதன் காய் பறிப்பாரின்றிப் பழுத்து விழுகிறது. பழுத்துவிட்டால் அதில் துவர்ப்புக் குறைவு; சிறுவர்கள் தின்பார்கள்.